வெட்டுத்துணியில் ஒரு நினைவுப் போர்வை

வீட்டில் தையல் மிஷின் ஓடிய குடும்பங்களில் எங்காவது ஒரு துணிமூட்டை இருக்கும். பரணில் இருக்கலாம், டிரங்குப் பெட்டியில் இருக்கலாம், மிஷின் மேசையின் இழுப்பறையிலேயே இருக்கலாம். தீபாவளிக்கு ஒரே தானில் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தைத்த பாவாடை சட்டையின் மிச்சம், ரவிக்கைக் கை வெட்டியபின் மீந்த பிறை வடிவத் துண்டு, தலையணை உறைக்கு வாங்கிய பூப்போட்ட துணி, பள்ளிச் சீருடையின் நீலம், கிழிந்த பிறகும் தூக்கிப்போட மனம் வராத ஒரு கவுன். இந்த அத்தியாயம் அந்த மூட்டையைப் போர்வையாக்கும் வழியைச் சொல்கிறது. நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும். மற்றதை இங்கே படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

தொடங்கும் முன் இரண்டு விதிகளை மனத்தில் வையுங்கள்.

விதி 1: போர்வை போர்த்திக்கொள்ளவும் துவைக்கவும் தாங்க வேண்டும். எவ்வளவு அருமையான துணியானாலும் பலம் பார்க்காமல் உள்ளே சேர்க்காதீர்கள்.

விதி 2: தைத்தவரின் கைவேலையைக் காப்பாற்றுங்கள். அம்மா போட்ட காஜா, பாட்டி கையால் அடித்த ஹெம்மிங், சட்டைப்பையின் ஓரத்து இரட்டைத் தையல், கிழிசலுக்கு வைத்த ஒட்டு ஆகியவற்றைப் பிரித்துத் தட்டையாக்கிவிடாதீர்கள். அந்தத் துணி கடைக்குப் போன எல்லோருக்கும் கிடைத்தது. அந்தத் தையல் உங்கள் வீட்டில் மட்டுமே போட்டது.

இந்த வேலைக்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் வாழ்ந்த மிசௌரி பெட்வே, 1942-இல் கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். வெயிலில் வெளுத்த நிறங்கள் அதில் அப்படியே தெரிகின்றன. துணி தேய்ந்திருப்பதை ஒரு குறையாக நினைத்து மறைக்க வேண்டியதில்லை. அது கிழியாமல் நிற்குமா என்று மட்டும் பாருங்கள்.

## என்ன அளவு, என்னென்ன வேண்டும்

நாம் தைக்கப்போவது 48 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் கொண்ட போர்வை. திவானில் விரிக்கவும், உட்கார்ந்தபடி காலில் போட்டுக்கொள்ளவும், குழந்தைகள் போர்த்திக்கொள்ளவும் ஏற்ற அளவு இது. ஒரு வரிசைக்கு 8 சதுரம் வீதம் 10 வரிசை, ஆக 80 சதுரங்கள். அவற்றில் 40 முழுத்துணிச் சதுரங்கள், 40 பட்டிச் சதுரங்கள். பட்டிச் சதுரம் என்பது சிறு துண்டுகளை ஓர் அடித்துணிமேல் வரிசையாகத் தைத்துச் செய்வது. வெட்டுத்துணி மூட்டையில் பெரிய துண்டுகள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் இந்தப் பாதிக்குப் பாதி.

வேண்டியவை:

- அடித்துணிக்குக் காடாத்துணி, 44 அங்குல அகலத்தில் 2 மீட்டர்
- பின்பக்கத்துக்கு ஒரு பழைய பருத்திச் சேலை
- நடு அடுக்குக்கு இன்னொரு பழைய பருத்திச் சேலை
- ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டிய கெட்டி அட்டை ஒன்று, 7 அங்குலத்தில் இன்னொன்று
- துணிக்கென்றே வைத்திருக்கும் கூர்மையான கத்தரிக்கோல்
- துருப்பிடிக்காத குண்டூசிகள், சேஃப்டி பின் ஏறக்குறைய 100
- மிஷினுக்கு 14-ஆம் நம்பர் ஊசி. பட்டு இருந்தால் 11-ஆம் நம்பரும் ஒன்று
- வெள்ளை அல்லது சாம்பல் நிற நூல். கைத்தையலுக்குச் சற்றுத் தடித்த பருத்தி நூல்
- இஞ்ச் டேப், டெய்லர் சாக், இஸ்திரிப் பெட்டி, ஒரு காந்தம்
- ஒரு நோட்டுப் புத்தகம்

குறிப்பு: நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சோ பாலியஸ்டர் மெத்தையோ நடுவில் வேண்டாம். ஒரு பருத்திச் சேலை போதும். துவைப்பதும் காயவைப்பதும் எளிது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊரில் இருப்பவர்கள் பழைய கம்பளியையோ கனமான பருத்திப் போர்வையையோ நடுவில் வைக்கலாம்.

குறிப்பு: பாட்டியின் பெட்டியில் கிடைத்த பழைய நூல்கண்டுகளால் இணைப்புத் தையல் போடாதீர்கள். ஒரு முழ நூலை இரு கைகளாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் அது இற்றுப்போன நூல். அதைப் பெயர்ப்பட்டியில் பூ வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

## நிலை 1: கத்தரிக்கோலுக்கு முன் நோட்டுப் புத்தகம்

1. மூட்டையைப் பிரித்துத் தரையில் பரப்புங்கள். எதையும் இன்னும் துவைக்க வேண்டாம்.
2. வீட்டில் விவரம் தெரிந்த மூத்தவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு துணியையும் காட்டிக் கேளுங்கள். யாருக்குத் தைத்தது, எதற்காக, யார் வெட்டினார்கள், யார் தைத்தார்கள் என்பது போதும்.
3. ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். அதே எண்ணைச் சிறு துணித்துண்டில் எழுதிச் சேஃப்டி பின்னால் குத்திவையுங்கள். காகிதச் சீட்டு வேண்டாம்; துவைக்கும்போது கரைந்துவிடும்.
4. முழு உடையாக இருப்பவற்றை வெட்டுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கத் தையல் மூன்றும் வேண்டும்.
5. உடைக்கு உரியவர் உயிருடன் இருந்தால் அவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களிடம் கேளுங்கள். வெட்டியபின் வரும் வருத்தத்துக்கு மாற்று கிடையாது.

வெட்டக்கூடாதவை: ஒருவருடைய நினைவாக ஒரே ஓர் உடைதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து துணி வேண்டுமென்றால் உள்ளே விட்டிருக்கும் தையல் ஓரத்திலோ பாவாடையின் மடிப்பிலோ கொஞ்சம் எடுக்கலாம். வீட்டில் தைத்த உடையில் இதற்கு இடம் இருக்கும். வளரும் பிள்ளை என்று பாவாடையின் கீழே இரண்டு மூன்று டக் வைத்திருப்பார்கள். ஒரு டக்கைப் பிரித்தால் வெயில் படாத, நிறம் மங்காத துணி கிடைக்கும். மற்ற டக்குகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

## நிலை 2: மூன்று குவியல்

துணிகளை மூன்றாகப் பிரியுங்கள்.

- உடுத்திய துணி: பலமுறை துவைத்தது. இனிச் சுருங்காது. ஆனால் இற்றுப்போயிருக்கலாம்.
- உடுத்தாத வெட்டுத்துணி: தண்ணீரே படாதது. பலமானது. ஆனால் சுருங்கும், சாயமும் போகும்.
- தனிக் கவனம் வேண்டியவை: பட்டு, ஜரிகை, ஜார்ஜெட், நைலக்ஸ், பனியன் துணி.

பலரும் செய்யும் தவறு, முதல் இரண்டு குவியலையும் சேர்த்துத் தைப்பது. போர்வை அழகாகத்தான் வரும். முதல் துவைப்பில் புதுத்துணிச் சதுரங்கள் சுருங்கிப் பக்கத்துத் துணியை இழுக்கும். இழுபட்ட பழைய துணி தையலோரத்தில் கிழியும். ஆகவே வெட்டுத்துணி இருபது வருடம் பெட்டியில் இருந்திருந்தாலும் அதைப் புதுத்துணியாகவே நினைத்துத் துவைத்துச் சுருக்கிவிடுங்கள். காடாத்துணியும் அப்படித்தான். வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி போகும்வரை இரண்டு முறை அலசிக் காயவையுங்கள்.

## நிலை 3: நான்கு சோதனைகள்

வாசனையும் பூஞ்சையும். அந்துருண்டை போட்டு வைத்த துணிகளை முதலில் திறந்த வெளியில், நிழலில், வாசனை போகும்வரை உலர்த்துங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவற்றை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் சில பச்சிளங்குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. பூஞ்சைப் புள்ளி உள்ள துணியை முகக்கவசம் அணிந்து மொட்டைமாடியில் உதறுங்கள். பூஞ்சை அரித்து மெலிந்த பகுதியை வெட்டி ஒதுக்கிவிடுங்கள்.

சாயம். துணியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஒரு வெள்ளைத் துண்டுடன் அரைமணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அலசி மறுபடி சோதியுங்கள். தண்ணீர் தெளியும்வரை இதைத் தொடருங்கள். மூன்று நான்கு முறைக்குப் பிறகும் நிறம் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம். அடர் சிவப்பு, கருநீலம், மெரூன் நிறங்களிலும் சுங்குடித் துணியிலும் கூடுதல் கவனம் வேண்டும். உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். சாயமேற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்கெனவே தயாரான துணியின் சாயத்தை அது கட்டி நிறுத்தாது.

பலம். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சல்லடைபோலத் தெரியும் இடங்களைச் சாக்கால் வட்டமிடுங்கள். பிறகு இரு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் மெதுவாக இழுங்கள். சத்தமின்றித் தாங்கினால் முழுச்சதுரத்துக்கு ஆகும். நூல் விடும் சத்தம் கேட்டால் அடித்துணிமேல் மட்டும் தையுங்கள். கையோடு கிழிந்து வந்தால் ஒதுக்கிவிடுங்கள். பழைய பட்டு மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் விடும். அந்தக் கோட்டைத் தவிர்த்து வெட்டுங்கள்.

இழை வகை. பருத்தியா பாலியஸ்டரா என்று தெரியாவிட்டால் இஸ்திரிப் பெட்டியை நம்பி வைக்க முடியாது. ஓரத்திலிருந்து விரல்கணு அளவு நூல் பிரித்து எரித்துப் பாருங்கள். பருத்தி உடனே பற்றிக் காகிதம் எரியும் வாசனை தந்து மென்மையான சாம்பலாகும். பட்டு தலைமுடி பொசுங்கும் வாசனையுடன் மெல்ல எரிந்து, நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

> பாதுகாப்பு: எரித்துப் பார்க்கும்போது நூலை இடுக்கியால் பிடியுங்கள், விரலால் வேண்டாம். கீழே தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டு இருக்கட்டும். சமையல் கேஸ் அருகிலோ, துணிக்குவியல் பக்கத்திலோ, நைலான் உடை உடுத்தியோ செய்யாதீர்கள். உருகிச் சொட்டும் பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

## நிலை 4: வெட்டுதல்

1. துவைத்துக் காய்ந்த துணியை இஸ்திரி போடுங்கள். பட்டுக்கும் ஜார்ஜெட்டுக்கும் மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். ஜரிகைமேல் நேரடியாகச் சூடு வைக்காதீர்கள்.
2. கொக்கி, ஊக்கு, துருப்பிடித்த பட்டன் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள்.
3. அட்டையைத் துணியின் இழையோட்டத்துக்கு நேராக வையுங்கள். கிராஸில் வெட்டிய சதுரம் தைக்கும்போது இழுபட்டுக் கோணும்.
4. ஆறரை அங்குல அட்டையைச் சுற்றிச் சாக்கால் கோடிட்டு 40 முழுச்சதுரங்கள் வெட்டுங்கள். தைத்தபின் ஒவ்வொன்றும் 6 அங்குலமாக வரும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும்.
5. காடாத்துணியில் 7 அங்குலச் சதுரங்கள் 40 வெட்டுங்கள்.
6. மீதித் துண்டுகளை ஒன்று முதல் இரண்டு அங்குல அகலப் பட்டிகளாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே அகலத்தில் இருக்கத் தேவையில்லை.

கைவேலை உள்ள பகுதிகள்: காஜாப் பட்டி, சட்டைப்பை, ஹெம்மிங் ஓரம், எம்பிராய்டரி ஆகியவை சதுரத்தின் நடுவில் வரும்படி அட்டையை வையுங்கள். தடித்த பகுதி வெட்டும் ஓரத்திலிருந்து குறைந்தது அரை அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைக்கும்போது ஊசி முறியும். டக் வைத்த துணியை டக்கோடு சேர்த்தே வெட்டுங்கள். வெட்டிய முனையில் அந்த மடிப்புப் பிரியாமல் இருக்க ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிக்கொள்ளுங்கள்.

மெல்லிய துணிக்கு முட்டு: சேர்க்க ஆசை இருந்தும் பலம் போதாத துணியை வெட்டும்முன், அதைவிட ஓர் அங்குலம் பெரிய மல்துணியைப் பின்னால் வைத்து வரிசை வரிசையாக நூலோட்டி இரண்டையும் ஒன்றாக்குங்கள். அதன்பிறகு வெட்டுங்கள். இழுபடும் பனியன் துணிக்கும் இதே வழிதான். இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸும் உதவும். ஆனால் கைத்தையல் ஊசி அதில் சிரமப்பட்டுத்தான் இறங்கும்.

> பாதுகாப்பு: உருளும் பிளேடு உள்ள வெட்டுக்கருவி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடியைப் போடுங்கள். உடம்புக்கு எதிர்த்திசையில்தான் உருட்ட வேண்டும்.

## நிலை 5: பட்டிச் சதுரம்

1. 7 அங்குலக் காடாச் சதுரத்தில் மூலைக்கு மூலை சாக்கால் ஒரு கோடு போடுங்கள்.
2. முதல் பட்டியை, நல்ல பக்கம் மேலே தெரியும்படி, அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். இரண்டு முனையிலும் அடித்துணியைத் தாண்டி நிற்கட்டும்.
3. இரண்டாவது பட்டியை அதன்மேல் கவிழ்த்து, ஒரு பக்கத்து ஓரங்களைச் சேர்த்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். தையல் மூன்று துணியிலும் பிடிக்க வேண்டும்.
4. இரண்டாவது பட்டியை விரித்து இஸ்திரியால் அழுத்துங்கள். விரித்து அழுத்தாமல் அடுத்ததைத் தைத்தால் உள்ளே சுருக்கம் நின்றுவிடும்.
5. மூலை மூடும்வரை இப்படியே பட்டிகளைச் சேருங்கள். பிறகு கோட்டின் மறுபக்கத்தையும் நிரப்புங்கள்.
6. சதுரத்தைத் திருப்பிப்போட்டு, காடாப் பக்கம் ஆறரை அங்குல அட்டையை வைத்துக் கோடிட்டு வெட்டுங்கள்.

தையல் அங்குலத்துக்கு 10 முதல் 12 விழும்படி மிஷினை வையுங்கள். பட்டி முனைகள் வெட்டுப்படும்போது தையல் பிரியாமல் இருக்க இந்த நெருக்கம் தேவை.

குறிப்பு: ஒரு சதுரத்தை ஒரு நபருக்கோ ஒரு நிகழ்வுக்கோ ஒதுக்கலாம். ஒரு தீபாவளிக்குத் தைத்த உடைகளின் மிச்சம் ஒன்றில், ஒரு பிள்ளையின் சீருடையும் கவுனும் ஒன்றில். பட்டி முறையில் மூன்று விரல் அகலத் துண்டுகூட வீணாகாது.

> பாதுகாப்பு: மிதிக்கும் மிஷினில் சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்திலும் பெல்ட்டிலும் சிக்கும். இடுப்பில் செருகிக்கொண்டு, கூந்தலைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மோட்டார் மிஷினாக இருந்தால் ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குண்டூசிமேல் மிஷினை ஓட்டாதீர்கள்; ஊசி முறிந்து கண்ணில் தெறிக்கும்.

## நிலை 6: தரையில் பரப்பிப் பார்த்தல்

1. முழுச்சதுரம் ஒன்று, பட்டிச் சதுரம் ஒன்று என்று மாற்றி மாற்றி, சதுரங்கப் பலகைபோல 8 பத்தி, 10 வரிசையாகத் தரையில் அடுக்குங்கள்.
2. அடர்ந்த நிறங்கள் ஒரே மூலையில் குவியாமல் பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எங்கே கனத்திருக்கிறது என்று தெரியும்.
3. பட்டையும் மென்மையான துணிகளையும் ஓரத்திலிருந்து இரண்டு வரிசை உள்ளே தள்ளி வையுங்கள். கை பிடித்து இழுப்பதும் கால் உரசுவதும் ஓரங்களில்தான். அங்கே கெட்டிப் பருத்தி இருக்கட்டும்.
4. பத்திகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்றும் வரிசைகளுக்கு 1 முதல் 10 வரையும் பெயரிடுங்கள். நோட்டில் கட்டம் வரைந்து ஒவ்வொரு கட்டத்திலும் துணியின் எண்ணை எழுதுங்கள். "இ-4 எந்தத் துணி?" என்று நாளை யார் கேட்டாலும் விடை அங்கே இருக்கும்.
5. மேலிருந்து படம் எடுத்துவிட்டு, வரிசை வரிசையாக அடுக்கி, மேலே வரிசை எண் குத்தி வையுங்கள்.

## நிலை 7: இணைத்தல்

1. முதல் வரிசையின் 8 சதுரங்களைக் கால் அங்குலத் தையலில் இணையுங்கள். இப்படிப் பத்து வரிசைகள்.
2. ஒவ்வொரு வரிசையும் 48½ அங்குலம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.
3. தையல் ஓரங்களை ஒற்றை வரிசைகளில் இடப்புறமாகவும் இரட்டை வரிசைகளில் வலப்புறமாகவும் மடித்து அழுத்துங்கள். வரிசைகள் சேரும்போது ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.
4. இரண்டு வரிசைகளை நல்ல பக்கம் உள்ளே வைத்து, முதலில் சந்திகளில் குண்டூசி குத்தி, பிறகு இடைப்பகுதிகளில் குத்தித் தையுங்கள்.

கால் அங்குலம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு தையலில் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வரிசையில் 7 தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு துணி என்று கணக்கிட்டால் வரிசை முக்கால் அங்குலத்துக்கும் மேல் குறுகிவிடும். மிஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பைத் தொட்டபடியே போகட்டும்.

## நிலை 8: மூன்று அடுக்கு

பின்பக்கத் துணி மேல்பக்கத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக, அதாவது 56க்கு 68 அங்குலம் இருக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையிலிருந்து 58 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் போதிய அகலம் கிடைக்கும். மீதியை ஓரப்பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சேலையும் அப்படியே. வெட்டுமுன் இரண்டு சேலையையும் வெளிச்சத்தில் பாருங்கள். பாதத்தில் உரசிய கீழ்க்கரைப் பக்கம் தேய்ந்திருந்தால் அதை விட்டுவிட்டு வெட்டுங்கள்.

1. பின்பக்கச் சேலையை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நான்கு ஓரத்தையும் தரையோடு டேப்பால் ஒட்டுங்கள். இறுக்கமாக இருக்கட்டும், ஆனால் இழுபடக் கூடாது.
2. அதன்மேல் நடுச்சேலையை விரித்துச் சுருக்கம் நீக்குங்கள்.
3. மேல்பக்கத்தை நல்ல பக்கம் தெரிய மேலே விரியுங்கள்.
4. நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி, 5 அல்லது 6 அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். எத்தனை பின் குத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

## நிலை 9: போர்வைத் தையல்

மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடிப்பது ஓட்டத் தையல். மிஷினிலும் போடலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் கைவைக்க ஏற்றது கைத்தையல்தான்.

1. ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். நீண்ட நூல் முடிச்சு விழும், தேயும்.
2. நடுச்சதுரத்தில் தொடங்குங்கள். முடிச்சை மெல்ல இழுத்து மேல்துணிக்கும் நடுத்துணிக்கும் இடையே மறையுங்கள்.
3. அங்குலத்துக்கு 5 அல்லது 6 தையல் விழட்டும். ஒரே அளவில் விழுவது முக்கியம். சிறிதாக விழுவது தானாகப் பழகிவிடும்.
4. முழுச்சதுரங்களில் இரண்டு மூன்று கோடுகள் ஓட்டுங்கள். பட்டிச் சதுரங்களில் பட்டி சேரும் இடத்தை ஒட்டி ஓட்டுங்கள். எந்த இரண்டு தையல் கோடுகளுக்கும் இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம்.
5. பின்பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். அங்கே மடிப்பு விழுந்தால் அப்போதே பிரித்துச் சரிசெய்யுங்கள்.
6. தைத்து முடித்த இடத்தில் பின்களை எடுத்து டப்பாவில் போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள்.

மிஷின் இல்லாதவர்களுக்கு மாற்றுவழி: கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் சதுரங்களை முதலில் இணைக்கும் வேலையே இல்லை. பின்பக்கத் துணிமேல் ஓரத்திலிருந்து தொடங்கி, பழைய துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரம் மடித்து வைத்து, ஓட்டத் தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். ஒழுங்கற்ற துண்டுகளே அதிகம் உள்ளவர்களுக்கும் இது நல்ல வழி.

> பாதுகாப்பு: விரலுக்குத் தையல் தொப்பி போடுங்கள். பகல் வெளிச்சத்தில், தோள் பக்கமிருந்து வெளிச்சம் வரும்படி உட்காருங்கள். மணிக்கணக்கில் குனிந்து தைத்தால் கழுத்தும் மணிக்கட்டும் பிடித்துக்கொள்ளும். அரைமணிக்கொருமுறை எழுந்து நடங்கள். வாயில் குண்டூசி கவ்வும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எழுமுன் தரையில் காந்தத்தை ஓட்டுங்கள்.

## நிலை 10: ஓரப்பட்டியும் பெயர்ப்பட்டியும்

1. மேல்பக்கத்தின் ஓரத்துக்கு நேராக மற்ற இரண்டு அடுக்குகளையும் வெட்டிவிடுங்கள்.
2. மீந்த சேலையிலிருந்து இரண்டரை அங்குல அகலத்தில் நீளப் பட்டிகள் மூன்று வெட்டி ஒன்றாக இணையுங்கள். சுற்றளவு 216 அங்குலம். பட்டி 228 அங்குலமாவது இருக்கட்டும். சேலை மெலிந்திருந்தால் புதுப் பருத்தி அரைமீட்டர் வாங்கித் துவைத்துப் பயன்படுத்துங்கள். போர்வையில் முதலில் தேய்வது இந்த ஓரம்தான்.
3. பட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து அழுத்துங்கள். திறந்த ஓரங்கள் போர்வை ஓரத்தோடு சேர, மேல்பக்கத்தில் கால் அங்குலத்தில் தையுங்கள்.
4. மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் தையலை நிறுத்துங்கள். பட்டியைச் சாய்வாக மேல்நோக்கி மடித்து, பிறகு அடுத்த பக்கத்தோடு சேரக் கீழ்நோக்கி மடித்துத் தொடருங்கள். மூலை கூர்மையாக வரும்.
5. பட்டியைப் பின்பக்கம் மடக்கிக் கையால் ஹெம்மிங் அடியுங்கள்.

பெயர்ப்பட்டியைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டில் யாருடைய துணிகள், யார் தைத்தது, யாருக்காக, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிப் பின்பக்க மூலையில் தையுங்கள். நூலால் எழுதுவது நெடுநாள் நிற்கும். பேனா என்றால் துவைத்தாலும் போகாத மை என்று சோதித்தபின் எழுதுங்கள். கட்டம் வரைந்த தாளைப் பிரதி எடுத்து உறவினர் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- போர்வை அலை அலையாக நெளிகிறது: ஓரப்பட்டியை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள், அல்லது சதுரங்கள் கிராஸில் வெட்டப்பட்டிருக்கின்றன. பட்டியைப் பிரித்து இழுக்காமல் மறுபடி தையுங்கள்.
- நடுவில் உப்பி நிற்கிறது: தையல் ஓரத்தில் தொடங்கியிருக்கும். அந்தப் பகுதியைப் பிரித்து நடுவிலிருந்து வெளிநோக்கி ஓட்டுங்கள்.
- சந்திகள் பொருந்தவில்லை: விலகல் கால் அங்குலத்துக்குக் குறைவென்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேலென்றால் சந்தியின் இருபுறமும் மூன்று அங்குலம் மட்டும் பிரித்துத் தையுங்கள்.
- ஒரு சதுரம் கிழிந்துவிட்டது: அதை எடுக்க வேண்டாம். மூட்டையில் மீந்த துணியால் மேலே ஒட்டுப் போடுங்கள். எந்தத் துணி, எந்த ஆண்டு என்று நோட்டில் சேருங்கள்.

## கொடுக்குமுன், துவைக்கும்போது

- எண்ணிக்கை சரிபாருங்கள். குத்திய பின் எத்தனை, எடுத்தது எத்தனை? பிறகு இருபுறமும் காந்தத்தை ஓட்டி, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள்.
- சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு என்றால் பட்டன், மணி, நூல்குஞ்சம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் இந்தப் போர்வையைப் போடவே வேண்டாம். முகத்தை மூடி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடலாம்.
- குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் துவையுங்கள். பட்டு இருந்தால் பூந்திக்கொட்டை நீர் நல்லது. முறுக்கிப் பிழியாதீர்கள், பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள்.
- கொடியில் ஒற்றையாகத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் தையலை இழுக்கும். இரண்டு கொடிகளில் பரத்தியோ கட்டில்மேல் விரித்தோ நிழலில் உலர்த்துங்கள்.
- பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மாற்றி மடியுங்கள்.

பெட்டியில் பூட்டிவைக்கவா, தினமும் பயன்படுத்தவா என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் வரும். பயன்படுத்துங்கள். சோதித்த துணி, முட்டுக் கொடுத்த பட்டு, நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் கோடு என்று பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அதற்காகத்தான். மீந்த துண்டுகளை எண்ணோடு ஒரு பையில் கட்டி, நோட்டுப் புத்தகத்தையும் அதனுள் வைத்து, மிஷின் இழுப்பறையில் போடுங்கள். முதல் ஒட்டு போட வேண்டிய நாளில் இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.